ஒளிப்படக் கலையின் வரலாற்றையும் நுட்பத்தையும் சேர்த்துக் கற்க வழிகாட்டுங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஒளிப்படக் கலையின் வரலாற்றையும், அது சமூகத்தில் விளைவித்த மாற்றங்களையும், கேமராவைக் கையாளும் நுட்பங்களையும் தனித்தனியாக அல்லாமல் ஒன்றோடொன்று இணைத்துக் கற்க விரும்புகிறேன்.

1839-இல் அறிவிக்கப்பட்ட பிரான்சைச் சேர்ந்த லூயி டாகேரின் ஒளிப்பட முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம்தான் கிடைத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையிலோ, ஒரு காகித நெகட்டிவிலிருந்து பல பிரதிகள் எடுக்க முடிந்தது. ஒரே முகம் பல கைகளுக்குப் போய்ச் சேரும் வாய்ப்பை அது உருவாக்கியதால், இந்தத் திருப்பத்தையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். 1888-இல் வந்த கோடக் கேமரா, படமெடுப்பதைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டு சென்றது.

அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன் அளவு) ஆகியவற்றின் தொடர்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒளியின் திசையையும் தன்மையையும் பார்த்தவுடன் கணிக்கும் பழக்கம் இன்னும் கைகூடவில்லை. பழைய உருவப்படங்களை, குறிப்பாக 19-ஆம் நூற்றாண்டின் உருவப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்தவற்றை, கூர்ந்து பார்த்து, அதையொத்த ஒளியில் சன்னலருகே படமெடுத்துப் பழகுவது பயன் தருமா? உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் பூசிய காகிதத்தில் ஒளியால் படம் அச்சிடும் உப்புக் காகித அச்சு முறையைத் தம் கையால் செய்து பார்த்தவர்கள், வெள்ளி நைட்ரேட்டைப் பாதுகாப்பாகக் கையாளும் விதத்தையும், தொடக்கத்தில் எதிர்கொண்ட சிக்கல்களையும் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.