பழைய டர்போ பெட்ரோல் கார்: அழுத்தினால் திணறுகிறது. டர்போ போய்விட்டதா?

கேள்வி

வணக்கம். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 15 வயது தாண்டிவிட்டது. நிதானமாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது, நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால் 2,500 ஆர்பிஎம் பக்கம் வெட்டி வெட்டி இழுக்கிறது. அதைத் தாண்டினாலும் பழைய பிக்கப் இல்லை. அழுத்தும்போது பின்னால் கறுப்புப் புகை. ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடு காட்டுகிறது. மெக்கானிக் டர்போவையே மாற்றச் சொல்கிறார். அதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்

டர்போவை இப்போதைக்குத் தொடாதீர்கள். எஞ்சின் கம்ப்யூட்டர் கேட்ட அளவு பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) வரவில்லை என்பதுதான் பி0299. ஏன் வரவில்லை என்று அது சொல்லாது.

வெட்டுவது ஒரு பிரச்சினை, இழுவை இல்லாதது இன்னொன்று. தனித்தனியாகப் பாருங்கள். வெட்டுவது பெரும்பாலும் இக்னிஷன் பக்கம்தான். பூஸ்ட் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அதில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஸ்பார்க் பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ அதற்கு வோல்டேஜ் தரும் காயில் பலவீனமாக இருந்தாலோ ஐடிலிங்கில் தெரியாது, சுமை ஏறியதும் மிஸ் ஆகும். பிளக்கைக் கழற்றி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து பாருங்கள். இந்த மாதிரி எஞ்சின்கள் பலவற்றில் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும், ஆனாலும் உங்கள் மேனுவலில் உள்ளதுதான் கணக்கு.

செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மட்டும் அழுத்தி ஓட்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

இன்னொரு பதில்

கறுப்புப் புகை நல்ல துப்பு. உங்கள் காரில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால், அது அளந்த காற்றுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோலை விடும். அளந்த காற்றில் ஒரு பகுதி வழியிலேயே வெளியேறிவிட்டால் பெட்ரோல் மிஞ்சிப்போகும். அதுதான் புகை.

ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ திருத்தும் சதவீதம்) பாருங்கள். ஐடிலிங்கில் பிளஸ் பக்கம் அதிகமாகி, ஆர்பிஎம் ஏற்றினால் குறைந்தால் த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) பின்னால் வேக்கம் லீக், அதாவது அளக்காத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலிங்கில் சரியாக இருந்து பூஸ்ட் வரும்போது மைனஸ் பக்கம் போனால் டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே லீக். சுமையில் பிளஸ் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள்.

கேட்டவர்

பிளக் இடைவெளி நான்கிலும் 1 மி.மீ.க்கு மேல். மேனுவலில் 0.8. நான்கையும் மாற்றியதும் வெட்டுவது அடியோடு நின்றது, மிக்க நன்றி! ஆனால் இழுவை இன்னும் இல்லை. டிரிம் ஐடிலிங்கில் +2, அழுத்தும்போது -12 வரை போகிறது.

இன்னொரு பதில்

அப்படியென்றால் டர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) வழியாக த்ராட்டில் வரை போகும் பைப்பில்தான் எங்கோ லீக். எஞ்சின் ஓடாதபோது கையால் தடவிப் பார்த்தால் அகப்படாது, அழுத்தம் ஏறினால்தான் பிளவு வாய் திறக்கும். டர்போவின் காற்று நுழையும் வாயை அடாப்டர் போட்டு மூடி, அங்கிருந்து கிராங்க்கேஸுக்கு (எஞ்சினின் அடிப்பகுதி) போகும் பிரீத்தர் ஹோஸையும் அடைத்துவிட்டு, ஏர் கம்ப்ரஸரால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றுங்கள். 10 பிஎஸ்ஐ போதும். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், கிளாம்ப் கழன்று தெறிக்கலாம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். டைவர்ட்டர் வால்வை (ஆக்சிலரேட்டரை விடும்போது மிஞ்சும் பூஸ்ட்டைத் திருப்பிவிடுவது) விட்டுவிடாதீர்கள், அதன் டயஃப்ரம் கிழிந்தாலும் பூஸ்ட் குறையும்.

கேட்டவர்

கிடைத்தது! இன்டர்கூலரின் கீழ்ப்பக்க ரப்பர் ஹோஸ். கிளாம்ப்பை ஒட்டி அடிப்பக்கம் விரல்நீளப் பிளவு. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிதுபோல இருக்கிறது, கீழே கைவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. காற்று ஏற்றியதும் அங்கே நுரை பொங்கியது. புது ஹோஸ், புது கிளாம்ப் போட்டாகிவிட்டது. நான்காவது கியரில் பழைய இழுவை வந்துவிட்டது, புகையும் இல்லை. டர்போ தப்பித்தது.

முதல் பதில் சொன்னவர்

ரொம்ப மகிழ்ச்சி. அந்தப் பிசுக்கைச் சும்மா விடாதீர்கள். பைப்பில் லேசாக எண்ணெய் படிவது சகஜம், ஆனால் ரப்பர் ஊறிப்போகும் அளவுக்கு வந்தால் முதலில் பிசிவி வால்வை (கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றுவது) பாருங்கள். அது சரியாக இருந்தால் டர்போ ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், இறக்கை உறையில் உரசாத வரை கவலை வேண்டாம். பி0299 பிழைக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டுங்கள், திரும்ப வந்தால் இங்கேயே எழுதுங்கள்.