அண்ணாச்சி கடையில் மாதச் சாமான்: சீட்டிலிருந்து பற்று நோட்டு வரை

மாதச் சாமான் வாங்குவது பற்றிப் பல ஊர்க்காரர்கள் எழுதியவை இவை.

கோவில்பட்டியிலிருந்து

சாமான் சீட்டு எழுதும்போதே பாதி வேலை முடிந்துவிடும். பலசரக்குக் கடையில் மூட்டைச் சாமான் முன்னால் இருக்கும்: அரிசி, பருப்பு, மிளகாய் வத்தல், மல்லி. சீரகம், சோம்பு, ஏலம் எல்லாம் பின்பக்கம் டப்பாவில். சோப்பும் ஊதுபத்தியும் தனி மூலையில். சீட்டும் அந்த வரிசையிலேயே இருந்தால் எடுத்துப் போடுகிற தம்பி ஒரே சுற்றில் முடிப்பார், விடுபடுவதும் குறையும். அளவை '1/4' என்று எழுதாதீர்கள். கூட்ட நேரத்தில் அது 1 ஆகவும் படிக்கப்படும், 4 ஆகவும் படிக்கப்படும். '250 கிராம்' என்று எழுதிவிடுங்கள். குறிப்பிட்ட கம்பெனிச் சரக்குதான் வேண்டும் என்றால் பக்கத்திலேயே 'இல்லையென்றால் வேண்டாம்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் வேறொன்று பையில் ஏறியிருக்கும்.

முதல் பத்து தேதிக்குள் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டரை வரை கடையில் நிற்கவே இடமிருக்காது. முந்தின நாள் ராத்திரி சீட்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் போய் எடுப்பது நல்லது. அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு பொட்டலமாகச் சரிபார்க்க முடியும். பொட்டலத்தின் மேல் பேனாவில் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆப்ப சோடாவும் எலுமிச்சை உப்பும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மைதாவும் அரிசி மாவும் அப்படித்தான். சோப்பு தனிப் பையில் வர வேண்டும். டீத்தூளும் ரவையும் ஒரே இரவில் சோப்பு வாசத்தை இழுத்துக்கொள்ளும்.

சாத்தூரிலிருந்து

தராசைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசு என்றாலே சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை பலருக்கு. தராசின் பக்கவாட்டிலோ முகப்பிலோ ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, 'e' என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு அளவு, மூன்றும் இருக்கும். 30 கிலோ தராசில் அந்த 'e' 5 கிராம் என்று இருந்தால் குறைந்தபட்ச எடை 100 கிராம். அதற்குக் கீழே உள்ள எதையும் அந்தத் தராசில் நிறுக்கக் கூடாது என்று அர்த்தம். அது ஐந்து ஐந்து கிராமாகத்தான் காட்டும். ஏழரை கிராம் வைத்தாலும் 10, பன்னிரண்டு வைத்தாலும் 10. பத்து கிராம் ஏலக்காய் வாங்கினால் கால் பங்கு குறைய வாய்ப்பு உண்டு, அதில் கடைக்காரர் கையில் ஒரு தப்பும் இல்லை. ஏலம், கிராம்பு, ஜாதிபத்திரி போன்றவற்றுக்குச் சின்னத் தராசு வைத்திருக்கும் கடையைப் பாருங்கள், அல்லது எடை அச்சிட்ட சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். பக்கத்து வீட்டோடு சேர்ந்து 100 கிராமாக வாங்கிப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது, விலையும் குறையும்.

அடுத்தது டேர், அதாவது பாத்திரத்தின் எடையைக் கழிப்பது. எண்ணெய்க்கோ நெய்க்கோ பாத்திரம் கொண்டுபோனால் காலிப் பாத்திரத்தை முதலில் தட்டில் வைத்து, டேர் பொத்தானை அழுத்தி, 0.000 வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். "அண்ணாச்சி, டேர் போட்டுட்டு ஊத்துங்க" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தலைக்கு மேலே ஃபேன் ஓடினால் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும், அது நின்ற பிறகு படியுங்கள்.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அரசு முத்திரை வைக்க வேண்டும், அந்தச் சான்றிதழைக் கடையில் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பவர்கள் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள். எடைக் குறைவு தொடர்ந்து இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

எண்ணெயில் இன்னொரு குழப்பம். ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். ஒரு கடை லிட்டருக்கு விலை சொல்லும், இன்னொன்று கிலோவுக்குச் சொல்லும், இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. கிலோ விலையை 0.91-ஆல் பெருக்கினால் லிட்டர் விலை கிடைக்கும்.

அருப்புக்கோட்டையிலிருந்து

"இந்தத் துவரம் பருப்பு வேகவே இல்லை" என்று கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் பலர். பருப்பு பழசாக இருந்தால் வேக நேரமாகும் என்பது உண்மை. ஆனால் நம்ம பக்கத்துப் போர் தண்ணீரின் கடினமும் அதே வேலையைச் செய்யும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு கைப்பிடியை கேன் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ வேகவைத்துப் பாருங்கள். அதில் வெந்தால் குறை பருப்பில் இல்லை. அதிலும் வேகாவிட்டால் அதே பொட்டலத்தோடு மறுநாளே கொண்டுபோங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் எந்த மூட்டைச் சரக்கு என்று அவருக்கும் தெரியாது.

துவரையை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். துவரை உருண்டு இருக்கும். அதில் கலப்படமாக வரும் கேசரிப் பருப்பு ஆப்பு மாதிரி, ஒரு பக்கம் சாய்ந்து சதுரமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் நாலைந்து மணியை விரலால் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கையில் மஞ்சள் ஒட்டினால் வாங்க வேண்டாம்.

உளுந்தில் புதுசு பழசு ரொம்ப முக்கியம். பழைய உளுந்து ஆட்டும்போது பொங்காது, இட்லி தட்டையாகும். நாலு படி அரிசிக்கு ஒரு படி போடுகிறவர்கள் அதற்கு ஒன்றேகால் போட வேண்டியிருக்கும், விலை குறைவில் மிச்சமான காசு அதிலேயே போய்விடும். மணியில் ஊசித் துளை இருந்தால் அது வண்டு விழுந்த சரக்கு.

மூட்டையின் அடிச்சரக்கில் நொறுங்கலும் தூசியும் சேரும். "புது மூட்டை எப்போ பிரிப்பீங்க?" என்று கேட்டு அன்றைக்கு வாங்குங்கள். மிளகைத் தண்ணீரில் போட்டால் பப்பாளி விதை மிதக்கும் என்பது சரி. ஆனால் சோடை மிளகும் மிதக்கும். மிதந்ததை எடுத்துப் பாருங்கள், பப்பாளி விதை நீள்வட்டமாக இருக்கும்.

மேலே சொன்னதோடு ஒன்று, ராஜபாளையத்திலிருந்து

பருப்பு, வத்தல், மல்லிக்கு இந்தப் பக்கத்துக் கடைகள் பார்ப்பது விருதுநகர் மொத்தச் சந்தை ரேட்டைத்தான். அங்கே இறங்கினாலும் மறுநாளே இங்கே இறங்காது. பழைய விலையில் எடுத்த மூட்டை தீர வேண்டும். அந்த நேரத்தில் மாதம் முழுவதுக்கும் எடுக்காமல் பத்து நாளுக்கு மட்டும் எடுங்கள்.

அரிசிச் சிப்பத்தின் எடையையும் பாருங்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது, அதன் பிறகு 26 கிலோ சிப்பம் பரவலானது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சிப்ப விலையைக் கேட்காதீர்கள், கிலோ விலையாக வகுத்துப் பாருங்கள்.

சங்கரன்கோவிலிலிருந்து

புளியை மாசி, பங்குனியில் ஆண்டுக்கும் சேர்த்து வாங்குவதுதான் கணக்குக்கு நல்லது. மாதம் முக்கால் கிலோ செலவாகும் வீட்டுக்கு 9 கிலோ. கொட்டையோடு விற்கும் புளியில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொட்டை போய்விடும். ஒன்றரைக் கிலோ கொட்டைப்புளியின் விலையை ஒரு கிலோ கொட்டை எடுத்த புளியோடு ஒப்பிடுங்கள், வித்தியாசம் கொஞ்சமென்றால் எடுத்ததையே வாங்குங்கள். உருண்டையை அழுத்தினால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி அடுக்கடுக்காக மண்பானையிலோ ஜாடியிலோ போடுங்கள். அலுமினியம் ஆகவே ஆகாது, புளிப்பு அதை அரித்துவிடும்.

வத்தல் குலுக்கினால் உள்ளே விதை ஆடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஈரம் இருக்கிறது, எடைக்கு ஈரத்தையும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள், பானையில் பூசணமும் பிடிக்கும். வாசலில் இருக்கும் மேல் வத்தலைப் பார்த்து முடிவு செய்யாமல் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்துப் பாருங்கள். குழம்புப் பொடிக்கு நீட்டு வத்தல், தாளிக்கவும் பொடி நிறத்துக்கும் ராமநாதபுரம் குண்டு. இரண்டும் கலந்து அரைப்பவர்கள் இங்கே அதிகம். பெருங்காயம் கட்டியானாலும் தூளானாலும் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

திருவேங்கடத்திலிருந்து

கடனுக்கு வாங்குவதை எழுதும் பற்று நோட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நோட்டு இரண்டு வேண்டும், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். வாங்கிய அன்றைக்கே இரண்டிலும் தேதி, சாமான், அளவு, விலை எழுத வேண்டும். 'சில்லறைச் சாமான் 140' என்று ஒரே வரியாக எழுத விடாதீர்கள், மாதக் கடைசியில் அதுதான் தகராறாகும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை போட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகையை எழுதுங்கள். பெரும்பாலான பிழை அங்கேதான் நடக்கிறது. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் நோட்டையும் கொடுத்து அனுப்புங்கள், யார் கணக்கில் எழுத வேண்டும் என்று பெரியவர் பெயரைச் சொல்லச் சொல்லிக்கொடுங்கள். பணம் கட்டும்போது பகுதி கட்டினாலும் 'வரவு' என்று தனி வரியில் தேதியோடு வர வேண்டும். செவ்வாய், வெள்ளி விளக்கு வைத்த பிறகு பற்று எழுதாத கடைகள் உண்டு, அன்றைக்குக் காசோடு போங்கள்.