பாம்பு ‘பாய்சனஸ்’ என்று சொன்னால் தப்பா?

கரிசக்காட்டு வாத்தியார்:
இங்கிலீஷ் கற்றுத்தருகிறேன் என்று ஒரு பையன் போட்ட வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். “பாம்பை பாய்சனஸ் என்று சொல்கிறவனுக்கு இங்கிலீஷும் தெரியாது, அறிவியலும் தெரியாது. அது கடித்து நீ செத்தால் வெனமஸ், அதைத் தின்று நீ செத்தால் பாய்சனஸ். பாம்பு விஷத்தைக் குடித்தால் ஒன்றுமே ஆகாது.” இதுதான் அவன் நடத்துகிற பாடம். கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை. பணிக்காலம் முழுக்க இங்கிலீஷ் நடத்தியவன் நான். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், 140-ஆம் சங்கீதத்தில், விரியன் விஷத்துக்கு ‘பாய்சன்’ என்றுதான் இருக்கிறது. போகட்டும், அது பைபிள். பாம்பு சாஸ்திரத்தையே கரைத்துக் குடித்த பிராங்க் வால், பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவ மருத்துவர், தன் புத்தகத்தின் தலைப்பிலேயே ‘பாய்சனஸ்’ என்றுதான் போட்டார். வெளியிட்டது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அவருக்கும் அறிவியல் தெரியாதா?

பாம்புநேசன்:
வாத்தியாரே, வால் எழுதியது நூறு வருஷத்துக்கு முந்தி. பழசைத்தான் எடுப்பீர்கள் என்றால் அதற்கும் முந்தி 1872-ல் ஜோசப் ஃபெய்ரர் இந்தியப் பாம்புகளைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தின் தலைப்பில் ‘வெனமஸ்’ என்று இருக்கிறது. அதை மட்டும் ஏன் விட்டீர்கள்? விஷயம் ரொம்ப எளிது. உடம்புக்குள் எப்படிப் போகிறது என்பதுதான் கணக்கு. பல்லோ கொடுக்கோ முள்ளோ குத்தி உள்ளே செலுத்தினால் வெனம். தின்றோ தொட்டோ மூச்சில் இழுத்தோ போனால் பாய்சன். பாம்பு விஷத்தில் பெரும்பகுதி புரதம். வயிற்றுக்குப் போனால் செரித்துவிடும். 1664-லேயே இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி இதை எழுதிவிட்டார். டஸ்கனி அரசவையில் பாம்பு பிடிக்கிற ஒருவர் விரியன் விஷத்தை ஒயினில் கலந்து எல்லார் முன்னாலும் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

கரிசக்காட்டு வாத்தியார்:
ஒயினில் கலந்து குடித்தவருக்கு வாயில் புண் இருந்ததா? அதைச் சொல்லுங்கள் முதலில். வாயில் புண் இருந்தால் என்ன ஆகும்?

பாம்புநேசன்:
புண் வழியாக ரத்தத்தில் சேரும். அப்போது அது செலுத்தின மாதிரிதான். அதனால்தான் குடிக்காதீர்கள் என்கிறோம். இதில் என்ன குழப்பம்?

கரிசக்காட்டு வாத்தியார்:
ஆக, குடித்தால் சாவான். ‘ஒன்றுமே ஆகாது’ என்றவன் பொய்யன். முடிந்தது. ரோம் காலத்தில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் இதைத்தான் எழுதினார். கடிவாயில் உறிஞ்சுகிறவன் தன் ஈறிலும் அண்ணத்திலும் புண் இல்லை என்று பார்த்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும் என்று. ரெடிக்கு ஆயிரத்தறுநூறு வருஷத்துக்கு முந்தி! உங்கள் வீடியோ பையனுக்கு செல்சஸ் பெயராவது தெரியுமா?

பாம்புநேசன்:
எங்கள் வீடியோ பையனா? அவன் யாரென்றே எனக்குத் தெரியாது. செல்சஸ் சொன்னதும் நான் சொன்னதும் ஒன்றுதானே ஐயா. புண்ணில் பட்டால் ஆபத்து, வயிற்றில் போனால் இல்லை. அந்த வேறுபாட்டுக்குத்தான் ரெண்டு சொல்.

கரிசக்காட்டு வாத்தியார்:
வாயில் புண்!

நெய்தல்மகள்:
கடற்கரை ஆட்களுக்கு இதில் சண்டையே கிடையாது. திருக்கை வால்முள் குத்தினால் வலியில் ஆள் துடித்துப்போவார். அதே திருக்கையை அன்றைக்கே குழம்பு வைத்துச் சாப்பிடுவோம். குளத்து மீனில் தேளியும் அப்படித்தான், முள்ளில்தான் விஷம். பேத்தை மீன் அதற்கு நேர்மாறு. குத்தாது, கொட்டாது. தின்றால் ஆளையே கொல்லும். திருக்கையும் தேளியும் வெனமஸ், பேத்தை பாய்சனஸ். இதைவிட எப்படிச் சொல்வது?

பாம்புநேசன்:
அம்மா, கும்பிடுகிறேன். நான் நாள் முழுக்கக் கத்தியது நீங்கள் நாலு வரியில் எழுதியது.

கரிசக்காட்டு வாத்தியார்:
மீன் பேச்சு மீன் சந்தையில். நான் கேட்டது பாம்பு. குடித்தால் சாவானா மாட்டானா?

நெய்தல்மகள்:
மீன் சந்தை என்று சொன்னதைத் திரும்ப எடுங்கள் வாத்தியார். மரியாதையாகத்தான் எழுதினேன்.

கரிசக்காட்டு வாத்தியார்:
யாரையும் குறித்துச் சொல்லவில்லை. எடுக்க ஒன்றுமில்லை.

கீரிப்பிள்ளை:
ஜப்பானில் ஒரு நீர்ச்சாரை வகைப் பாம்பு இருக்கிறதே, ராப்டோஃபிஸ் டிக்ரினஸ். அதற்குக் கடைவாயில் விஷப்பல். அது போக, தேரையைத் தின்று அந்தத் தேரையின் நஞ்சைக் கழுத்துச் சுரப்பியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். தேரையே இல்லாத தீவில் வாழ்கிற அதே இனத்துக்குக் கழுத்தில் அந்த நஞ்சு இல்லை. அப்போ இந்தப் பாம்பு ரெண்டும்தானே?

பாம்புநேசன்:
அருமை. ரெண்டு சொல் இருந்தால்தான் இந்தப் பாம்பைப் பற்றிப் பேசவே முடியும். பல்லில் வெனம், கழுத்தில் பாய்சன்.

கரிசக்காட்டு வாத்தியார்:
அருமைதான். ஒரு பாம்பு பாய்சனஸ் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். ‘பாம்பு பாய்சனஸ்’ என்பது இங்கிலீஷ் தெரியாதவன் பேச்சு என்றீர்களே, இப்போது என்ன?

பாம்புநேசன்:
நான் எங்கே சொன்னேன்? அதைச் சொன்னது வீடியோ!

தூயதமிழ்த் துரை:
இரண்டு ஆங்கிலச் சொற்களுக்காகத் தமிழர் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. நச்சுப்பாம்பு, நச்சுக்காளான், நச்சுப்புகை. மூன்றுக்கும் நஞ்சு என்ற ஒரே சொல் போதும் நமக்கு. ‘விஷம்’ என்று எல்லோரும் எழுதுவதுதான் இங்கே உண்மையான நஞ்சு.

கரிசக்காட்டு வாத்தியார்:
துரை சொன்னது என் கட்சி. தமிழுக்கு ஒரு சொல் போதும் என்றால் இங்கிலீஷ்காரனுக்கும் நானூறு வருஷம் ஒரு சொல் போதுமாகத்தான் இருந்தது.

தூயதமிழ்த் துரை:
உங்கள் கட்சியில் நான் இல்லை ஐயா. நீங்களும் ‘விஷம்’ என்றுதான் எழுதுகிறீர்கள். ‘வாத்தியார்’ என்ற பெயரையும் ‘ஆசிரியர்’ என்று மாற்றலாம்.

கரிசக்காட்டு வாத்தியார்:
என் பெயரில் கை வைக்காதீர்கள். ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடும்.

நெய்தல்மகள்:
ஆலகாலம் எந்தக் கணக்கு? வாசுகி கக்கியதைத்தானே சிவன் குடித்தார். பாம்பின் வாயிலிருந்து வந்ததால் வெனமா, குடித்ததால் பாய்சனா?

கரிசக்காட்டு வாத்தியார்:
நல்ல கேள்வி! குடித்தது கண்டத்திலேயே நின்றது, நீலகண்டம் ஆயிற்று. குடித்தால் ஒன்றும் ஆகாது என்றால் தேவர்கள் ஏன் பதறினார்கள், அம்மை ஏன் கழுத்தைப் பிடித்தாள்? பாம்புநேசன் பதில் சொல்லட்டும்.

பாம்புநேசன்:
புராணத்துக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். சென்னை பக்கத்து வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு விஷம் எடுக்கிறது. மண்பானைக்குள் பாம்பு, பானை வாயைத் துணியால் கட்டி வைத்திருப்பார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலும்தான். விஷம் எடுத்ததும் வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஊசியில் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து. தீவனத்தில் கலந்து கொடுத்து எடுக்கவில்லை. ஏன் என்று யோசியுங்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்கள் கைவேலையைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

கரிசக்காட்டு வாத்தியார்:
பத்மஸ்ரீயை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் குடித்தார்களா? அதுதான் என் கேள்வி. வாயில் புண்ணோடு குடிப்பார்களா?

நைட் டூட்டி:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆளைச் சீக்கிரம் கொண்டுவந்து சேருங்கள். 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு மதிப்பீடு. தமிழ்நாட்டில் 2024-லிருந்து ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கடிபட்டவர் வந்ததும் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆடாமல் 20 நிமிஷம் நிற்க வைப்போம். பிறகு ஒருமுறை சாய்ப்போம். ரத்தம் உறையாமல் தண்ணியாக ஓடினால், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் வேலை செய்கிறது என்று மருந்தைத் தொடங்கிவிடுவோம். அந்தக் குப்பியில் ‘ஸ்நேக் வெனம் ஆன்டிசீரம்’ என்று அச்சடித்திருக்கும். தயவுசெய்து கடிவாயைக் கீறாதீர்கள், கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள்.

கரிசக்காட்டு வாத்தியார்:
உறிஞ்சாதீர்கள்! எல்லோரும் படித்தீர்களா? மருத்துவமனைக்காரரே சொல்கிறார். ஏன் உறிஞ்சக்கூடாது? வாயில் புண் இருந்தால் போகும் உயிர்.

நைட் டூட்டி:
அதற்காகச் சொல்லவில்லை சார். உறிஞ்சினால் விஷம் வெளியே வராது, நேரம்தான் போகும், காயமும் கெடும். நான் எழுதியதில் உங்களுக்கு வேண்டியதை மட்டும் பிய்த்து எடுக்கிறீர்கள்.

பாம்புநேசன்:
குப்பியில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதைத் தாண்டிப் போய்விட்டீர்களே வாத்தியாரே. வெனம். வெ-ன-ம்.

கரிசக்காட்டு வாத்தியார்:
வெனம் என்ற சொல்லே இல்லை என்று நான் சொன்னேனா? பாய்சன் தப்பில்லை என்றேன். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ‘குடிப்பது’. சரி. வெனம் என்பதற்கு மூலமான ‘வெனேனும்’ லத்தீனில் என்ன? மருந்துக்கும் வசிய மருந்துக்கும் குடிக்கிற நஞ்சுக்கும் அதுவேதான் பெயர். பல்லும் இல்லை, கொடுக்கும் இல்லை. ரோமானியன் குடித்துச் செத்ததெல்லாம் வெனம்! உங்கள் விதியை அவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

கீரிப்பிள்ளை:
எருக்கைத் தின்று வளர்கிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியைப் பறவைகள் தொடாது. அதுவும் பாய்சன்தானே? அது மூச்சுவிடுகிற பிராணி என்பதால் வெனம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

பாம்புநேசன்:
பாய்சன்தான் தம்பி. நீயாவது புரிந்துகொண்டாய். லத்தீன் காலத்துச் சொல் இன்றைக்கு எப்படிப் புழங்குகிறது என்பதுதான் பேச்சு. வாத்தியாருக்கு அது புரியாது, ஏனென்றால் புரிந்தால் பேச்சு முடிந்துவிடும்.

கரிசக்காட்டு வாத்தியார்:
எனக்குப் பாடம் எடுக்கிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியட்டும். போன மழைக்காலத்தில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் எடுத்த படத்தைப் போட்டுக் கேட்டபோது, வெள்ளிக்கோல் வரையனைக் ‘கட்டுவிரியன், கிட்டே போகாதீர்கள்’ என்று சொன்ன மகான் இவர். விஷமே இல்லாத பாம்பு. பாவம், அந்த வீட்டுக்காரர் அதை அடித்தே கொன்றுவிட்டார்.

பாம்புநேசன்:
அந்தப் படம் மங்கல், தலைப்பக்கம் தெரியவே இல்லை. கட்டுவிரியனுக்குப் பட்டை தலையிலிருந்து தள்ளித்தான் தொடங்கும், வால் பக்கம் தெளிவாகும். வரையனுக்குக் கழுத்திலிருந்தே தொடங்கி வால் பக்கம் மங்கும். வால் மட்டும் தெரிகிற படத்தில் எச்சரிக்கை சொன்னது குற்றமா? அடிக்கச் சொன்னது நானா? அன்றைக்கும் நீங்கள்தான் மூன்று நாள் இதையே பேசினீர்கள்.

கரிசக்காட்டு வாத்தியார்:
கட்டுவிரியனுக்கு உள்ள அறுகோணச் செதில் முதுகு நடுவில் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாமே? இல்லை என்பது படத்திலேயே தெரிந்தது. நான் அன்றைக்கே எழுதினேன், யாரும் கவனிக்கவில்லை.

பாம்புநேசன்:
அந்தப் படத்தில் செதில் தெரிந்ததா? மறுபடியும் போடுங்கள் அந்தப் படத்தை. இங்கேயே, எல்லோர் முன்னாலும்.

நைட் டூட்டி:
நான் எழுதியதை யாராவது முழுசாகப் படித்தீர்களா?

கரிசக்காட்டு வாத்தியார்:
படம் என் பழைய போனில் இருக்கிறது, எடுத்துப் போடுகிறேன். அதற்குள் வாயில் புண் கேள்விக்குப் பாம்புநேசன் நேரடியாக ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதட்டும்.