வேலூர்க் கோட்டையைப் பொம்மை போலக் காட்ட முடியவில்லை: டில்ட்-ஷிஃப்ட் பற்றி அவசர உதவி தேவை

பாலாற்றுமணல்
வணக்கம். வேலூர்க் கோட்டையும் அகழியும் சிறிய பொம்மை ஊர் போலத் தெரியும்படி ஒரு படத்தை நாளை மாலைக்குள் முடித்தாக வேண்டும். அக்காள் மகன் தன் பள்ளிக் கண்காட்சிக்காகக் கேட்டிருக்கிறான். டில்ட்-ஷிஃப்ட் என்று சொல்கிறார்களே, அந்த முறையில் படத்தின் மேலும் கீழும் மங்கலாக்கி, நடுவில் ஒரு பட்டையை மட்டும் தெளிவாக விட்டேன். ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் "படம் ஏன் கலங்கியிருக்கிறது?" என்றே கேட்கிறார்கள், ஒருவருக்குக்கூடப் பொம்மை என்று தோன்றவில்லை. மங்கலைக் கூட்டியும் குறைத்தும் ஏழெட்டு முறை செய்துவிட்டேன். எங்கே தவறுகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடிச்சந்திப்பு
எங்கிருந்து எடுத்தீர்கள், எந்த நேரத்தில் எடுத்தீர்கள், எந்தச் செயலியில் மங்கலாக்கினீர்கள் என்ற மூன்றையுமே நீங்கள் எழுதவில்லை. படத்தையும் இணைக்கவில்லை. இவை தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

சாயப்பட்டறை
எனக்கு விவரம் எதுவும் தேவையில்லை. குறை வண்ணத்தில்தான் இருக்கும். பொம்மைகளுக்குப் பூசும் சாயம் கெட்டியானது, பளிச்சென்றிருப்பது. நம் ஊரின் கருங்கல் சுவரும் புழுதியும் வெயிலில் வெளுத்துத்தான் தெரியும். வண்ணச் செறிவையும் ஒளி-நிழல் வேறுபாட்டையும் துணிந்து கூட்டுங்கள். தொலைவிலிருந்து எடுத்திருந்தால் இடையிலுள்ள காற்று படத்தின் மேல் நீல மூட்டமாகப் படிந்திருக்கும். மேசை மேல் வைத்த பொம்மைக்கும் நம் கண்ணுக்கும் நடுவே அப்படிப்பட்ட மூட்டம் இருப்பதில்லை. எனவே முதலில் அந்த மூட்டத்தை நீக்குங்கள்.

ஒளித்துளை
இந்தக் கேள்விக்கு நான் முன்பே பலமுறை விடை எழுதியிருக்கிறேன், தேடிப் படித்திருக்கலாம். முதலில் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். டில்ட் என்பது லென்ஸைச் சாய்ப்பது. லென்ஸின் தளமும் படம் விழும் தளமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாதபோது, தெளிவாகத் தெரியும் தளமும் சாய்ந்து, மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பதே இதன் அடிப்படை விதி. ஆஸ்திரிய இராணுவ அதிகாரி தியோடோர் ஷைம்ஃப்ளுக் 1904இல் பெற்ற காப்புரிமையால் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. விரலால் இழுத்து மங்கலாக்குவதற்கு டில்ட் என்ற பெயரைச் சூட்டுவது முறையன்று. இந்த அடிப்படை தெரியாமல் தொடங்கினால் இப்படித்தான் நடுவழியில் நிற்க நேரும்.

பாலாற்றுமணல்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கைப்பேசியில், இரு மடங்கு ஜூமில் எடுத்தேன். ஊருக்குக் கிழக்கே உள்ள மலையில் ஏறி, காலை எட்டு மணி அளவில் எடுத்தேன். மங்கலாக்கியது ஸ்னாப்சீட் செயலியின் லென்ஸ் பிளர் என்ற மங்கலாக்கும் கருவியில். படத்தின் மேற்புறத்தில் வானமும் கொஞ்சம் இருக்கிறது. கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரம் நடுவில் வருகிறது.

காட்பாடிச்சந்திப்பு
இப்போது விளங்குகிறது, நண்பரே. உங்கள் சிக்கல் மங்கலில் தொடங்கவில்லை, நீங்கள் நின்ற இடத்தில் தொடங்குகிறது.

கொலுப்படிக்குக் கீழே தரையில் மணல் பரப்பிப் பூங்கா அமைப்பார்களே, அதை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். நின்றபடி குனிந்து, ஏறத்தாழ 30 முதல் 45 பாகை சாய்வில் பார்க்கிறோம். அப்போது அடிவானம் கண்ணில் படுவதே இல்லை. மலை உயரம்தான், ஆனால் தொலைவும் அதற்கேற்ப மிகுதி. நீங்கள் நின்ற இடம் கோட்டையைவிட 200 மீட்டர் உயரம், கோட்டை 1,500 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொண்டால் பார்வைச் சாய்வு 8 பாகையைக்கூட எட்டாது. மாறாக, ஒரு மூன்றாம் மாடியில் 12 மீட்டர் உயரத்தில் நின்று, 16 மீட்டர் தள்ளியுள்ள தெருவைப் பார்த்தால் சாய்வு 37 பாகை ஆகிவிடும். மலையேறியவருக்குக் கிடைக்காத பொம்மைத் தோற்றம் மொட்டை மாடியில் நிற்பவருக்கு எளிதில் கிடைப்பது இதனால்தான்.

இருக்கும் படத்தையே பயன்படுத்துவதானால் வானத்தை முழுவதும் வெட்டிவிடுங்கள். காலையில் கிழக்கே நின்று எடுத்ததால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து கோட்டையின் முகப்பில் விழுந்திருக்கும், அது நல்லதே.

அகழிக்கரை
சாய்வைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இன்னொரு பிழையும் கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன்: கோபுரத்தின் அடி தெளிவாகவும் உச்சி மங்கலாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய பொருளை மிக அருகில் வைத்துப் படமெடுக்கும்போது, குவியத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்குவது தொலைவு மாறுவதால்தான். கோபுரத்தின் அடியும் உச்சியும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை. ஆகவே இரண்டும் ஒன்றுபோலத் தெளிவாக இருக்க வேண்டும். நேர்ப்பட்டையாக மங்கலாக்கினால் உச்சி மட்டும் மங்கி, கண் அதை உடனே பொய்யென்று கண்டுகொள்கிறது. 2010இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, தொலைவு மாறும் திசையிலேயே மங்கலும் மாறும்போதுதான் காட்சி சிறியதாகத் தோன்றுகிறது என்று காட்டினார்கள்.

ஸ்னாப்சீட்டில், செய்த திருத்தங்களின் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு தூரிகைக் குறி இருக்கும். அதைக் கொண்டு கோபுரத்தின் மேலுள்ள மங்கலை மட்டும் துடைத்துவிடலாம்.

ஒளித்துளை
இத்தனை ஒட்டுவேலையும் சாயும் லென்ஸ் இல்லாததால் வருவது. கேனான் 1991இல் வெளியிட்ட 24, 45, 90 மில்லிமீட்டர் லென்ஸ்கள் மூன்றும் 8 பாகை சாயக்கூடியவை. ஒன்றை வாடகைக்கு எடுத்தால் ஒரே சொடுக்கில் வேலை முடியும்.

அகழிக்கரை
ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் உடன்பட முடியாது. ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் அடியும் உச்சியும் முன்னும் பின்னும் லென்ஸுக்கு முடிவிலிதான், அதாவது எல்லாம் ஒரே தொலைவு போலத்தான். அங்கே சாய்த்த லென்ஸ் தருவதும் படத்தின் குறுக்கே ஓடும் ஒரு தெளிவான பட்டையைத்தான், அதுவும் கோபுரத்தின் உச்சியை வெட்டத்தான் செய்யும். உண்மையான லென்ஸ் செய்யும் அதே பிழையை நாம் கையால் திருத்த முடிகிறது என்பது மென்பொருளின் குறையன்று, சிறப்பு. மேலும், அந்த லென்ஸ்கள் கட்டடங்களைக் கோணலின்றி எடுக்கவும் தெளிவுத் தளத்தை வேண்டிய பக்கம் திருப்பவும் செய்யப்பட்டவை.

ஒளித்துளை
பட்டையைப் பற்றி நீங்கள் சொல்வது தொலைவுக் காட்சிக்குப் பொருந்தும், அதை ஏற்கிறேன். ஆனாலும் லென்ஸ் தரும் மங்கலில் வெளிச்சப் புள்ளிகள் வட்டமாக மலரும். மென்பொருள் சீராகப் பரப்பும் காசியன் மங்கலில் அவை கரைந்து அழுக்காகிவிடும். அந்த வேறுபாடு எனக்குக் கண்ணை உறுத்துகிறது.

சாயப்பட்டறை
ட்ரோன் வைத்திருப்பவர் யாரிடமாவது கேட்டால் சாய்வுச் சிக்கல் ஒரே நொடியில் தீருமே?

காட்பாடிச்சந்திப்பு
கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; முன் அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் பறக்கவிடக் கூடாது. ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக அவரை அந்தத் தொல்லையில் மாட்டிவிட வேண்டாம்.

பாலாற்றுமணல்
அனைவருக்கும் நன்றி. நேதாஜி மார்க்கெட் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் மூன்றாம் மாடியிலிருந்து, ஆட்டோ வரிசையையும் பழ வண்டிகளையும் எடுத்து, வண்ணத்தையும் கூட்டினேன். அக்காள் மகன் பார்த்ததும், "மாமா, இந்த ஆட்டோவெல்லாம் எந்தக் கடையில் வாங்கினீங்க?" என்றான். கோட்டைப் படம் மட்டும் இன்னும் சரியாகவில்லை: மங்கலைத் துடைத்ததும் கோபுரத்தைச் சுற்றி ஒரு கலங்கிய விளிம்பு வந்துவிட்டது.

அகழிக்கரை
மகிழ்ச்சி, தம்பி. அந்த விளிம்பு, கோபுரத்தின் நிறமே பின்னணி மங்கலுக்குள் கசிந்ததால் வருவது. கணினியில் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் இருந்தால் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லேயர்களாக (அடுக்குகளாக) வைத்துக்கொள்ளுங்கள். கீழ் லேயரில், மங்கல் பட்டைக்குள் வரும் கோபுரத்தின் மேற்பகுதியை, பக்கத்திலுள்ள பின்னணியைக் கொண்டு மூடி முழுவதுமாக அழித்துவிட்டு, அதன்பின் மங்கலாக்குங்கள். மேல் லேயரில் கோபுரத்தை மட்டும் வெட்டித் தெளிவாக வையுங்கள். விளிம்பு வராது. சுவரோரமும் மரங்களும் இருந்தால் அவற்றுக்கும் இதே முறைதான்; அரை நாள் வேலை, பொறுமையாகச் செய்யுங்கள்.

காட்பாடிச்சந்திப்பு
ஆட்டோப் படத்தை இங்கே இணைக்க முடியுமா? கோட்டைப் படம் முடிந்ததா என்பதையும் எழுதுங்கள்.