ரேஸ் விட்டதும் ஆஃப் ஆகுது: பழைய டீசல் பிக்கப்பில் ஸ்லோ நிக்கலை

குலசேகரம்_லோடு:
2005 மாடல் பிக்கப். 4 சிலிண்டர் டிஐ டீசல், நாசிலுக்கு டீசல் தள்ளுறது மைக்கோ இன்லைன் பம்ப். ரேஸ் கொடுத்துட்டே இருந்தா நல்லா ஓடுது, ஏற்றத்துலயும் இழுவை குறையலை. ரேஸ் விட்டா ஸ்லோ (ஐட்லிங்) ரெண்டு மூணு தடவை ஏறி இறங்கி ஆஃப் ஆகிடுது. புகை எதுவும் வரலை. ராத்திரி மூக்கு மேல இருக்கிற மாதிரி சரிவுல நிறுத்தினா, காலையில டீசலை ஏத்துற கை பம்பை 20, 25 தடவை அடிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும். சமதரையில நிறுத்தினா உடனே பிடிக்கும். துணி ஃபில்டர், பேப்பர் ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு. ஸ்லோ ஸ்குரூவை ஒன்றரை சுற்று ஏத்தி வச்சும் நிக்கலை. ரப்பர் ஷீட் லோடு, சீசன்ல தேங்காப்பட்டணத்துல இருந்து மீன் லோடும் போகுது. சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற நாசிலைக் கழட்டணுமா?

தக்கலை_டீசல்:
நாசிலைத் தொடாதீங்க அண்ணே, இப்போ வேண்டாம். நீங்க சொன்ன அடையாளம் எல்லாம் டீசல் லைன்ல ஏர் பிடிக்கிறதைத்தான் காட்டுது.

ஃபில்டர் அடைச்சா முதல்ல ஏற்றத்துலதான் திணறும், ஏன்னா அங்கேதான் டீசல் அதிகம் வேணும். ஸ்லோ கடைசியிலதான் கெடும். உங்களுக்கு அப்படியே தலைகீழா இருக்கு. ஸ்லோவுல பம்ப் ஒரு தடவைக்குத் தள்ளுற டீசல் ரொம்பக் கொஞ்சம். அதுல ஒரு சின்னக் குமிழி புகுந்தாலே அந்த சிலிண்டர் அடிக்காது. வேகத்தைச் சீரா வைக்கிற கவர்னர் இழுத்துப் பிடிக்கப் பார்க்கும், அதான் ஏறி இறங்குது. ரேஸ்ல இருக்கும்போது டீசல் வேகமா ஓடி குமிழியை அடிச்சுட்டுப் போயிடும். சரிவு விஷயமும் இதோட ஒத்துப் போகுது. லைன்ல எங்கேயோ காத்து நுழையுது, அதனால நின்ன டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிடுது.

முதல்ல ரெண்டு நிமிஷ வேலை: இன்ஜினை ஆஃப் பண்ற ஸ்டாப் கேபிளைப் பம்ப் பக்கம் கழட்டிட்டு, லீவரைக் கையால முழுசா ஓடுற பக்கம் தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. உப்புக்காத்துல கேபிள் துருப்பிடிச்சு லீவர் பாதியில நின்னாலும் இதே மாதிரி ஆஃப் ஆகும்.

அது சரின்னா கேன் டெஸ்ட். 5 லிட்டர் கேன்ல சுத்தமான டீசல். டேங்க்ல இருந்து ஃபீட் பம்புக்கு (டீசலை உறிஞ்சித் தர்ற சின்னப் பம்ப்) வர்ற லைனைக் கழட்டிட்டு, அங்கே புது ஹோஸ் போட்டு கேனுக்குள்ள விடுங்க. பம்போட ரிட்டர்னையும் அதே கேன்ல விடுங்க. பலர் கேனைக் கேபின் மேல தூக்கி வைப்பாங்க. அது தப்பு. மேல வச்சா டீசல் தானா இறங்கும், உறிஞ்சுற வேலையே பம்புக்கு இருக்காது, கை பம்ப் சீல் போயிருந்தாலும் தெரியாது. கேன் தரையில இருக்கணும். ஃபில்டர் மேல இருக்கிற ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை இல்லாத டீசல் வர்ற வரை கை பம்ப் அடிச்சு, ஸ்குரூவை மூடிட்டு ஸ்டார்ட் பண்ணி 20 நிமிஷம் ஸ்லோவுல விடுங்க.

தரையில கேன் வச்சு ஸ்லோ ஆஃப் ஆகாம நின்னா, கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல. தரையில நிக்காம மேல வச்சா மட்டும் நின்னா, ஃபீட் பம்ப், கை பம்ப் சீல், அங்கே இருக்கிற செம்பு வாஷர். ரெண்டுலயும் நிக்கலைன்னா அப்புறம்தான் மத்ததைப் பார்க்கணும்.

பம்ப்_வேலை_மார்த்தாண்டம்:
அந்த மத்தது என்னன்னு சொல்லிடுறேன். இன்லைன் பம்புல ரிட்டர்ன் போற இடத்துல ஓவர்ஃப்ளோ வால்வு இருக்கும். உள்ளே ஸ்பிரிங் உடைஞ்சா பம்ப் கேலரியில (பம்புக்குள்ள டீசல் நிக்கிற இடம்) பிரஷர் நிக்காது (சுமார் 1 முதல் 1.5 பார் இருக்கணும்), ஸ்லோ விழும். கழட்டி ஸ்பிரிங்கையும் உள்ளே இருக்கிற உருண்டையையும் கண்ணால பார்த்தாலே போதும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி மாட்டக் கூடாது, வால்வையே மாத்துங்க.

அப்புறம் சிலிண்டர் பார்க்கிறது. ஸ்லோவுக்கு மேல கொஞ்சம் ரேஸ் வச்சு, நாசில் பைப் நட்டை ஒவ்வொண்ணா அரைச் சுற்று தளர்த்துங்க. நல்ல சிலிண்டர்னா இன்ஜின் சத்தம் உடனே மாறும். மாறாத சிலிண்டரோட நாசிலை மட்டும் கழட்டி டெஸ்டர்ல பார்க்கணும். நாசில் ஒழுகினா வெள்ளைப் புகையும் நடுக்கமும் வரும், உங்களுக்கு அது இல்லை. நட்டைத் தளர்த்தும்போது துணி போட்டு மூடி, கண்ணாடி போட்டுக்கோங்க. அந்த பிரஷர்ல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும், அப்படிப் போனா உடனே ஆஸ்பத்திரிதான்.

ஸ்லோ ஸ்குரூ தவிர பம்புல ஈய சீல் வச்ச ஸ்குரூ எதையும் தொடக் கூடாது. அது பம்ப் பெஞ்சுல வச்சு செட் பண்ண வேண்டியது.

இன்னொண்ணு, இது சரியாகுற வரை லோடோட பேச்சிப்பாறை பக்கம் இறக்கத்துல போகாதீங்க. கிளட்சை மிதிச்சதும் இன்ஜின் நின்னா பிரேக் பூஸ்டருக்கு வர்ற வாக்குவம் நின்னுடும். பூஸ்டர்ல மிச்சம் இருக்கிறது ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பிரேக் கல்லு மாதிரி ஆயிடும்.

குலசேகரம்_லோடு:
ஸ்டாப் கேபிள் சரியா இருக்கு. தரையில கேன் வச்சு 20 நிமிஷம் ஸ்லோ ஆடாம நின்னுச்சு. திரும்ப டேங்க் லைனை மாட்டினதும் பழைய கதை. டேங்க் நிறைய இருந்தாலும் இப்படித்தான். லைன்ல எங்கேயும் டீசல் ஒழுகலை.

தக்கலை_டீசல்:
டேங்க் நிறைஞ்சிருக்கும்போது சரியாகி, குறைஞ்சதும் வந்தா டேங்குக்குள்ள இறங்குற குழாய் மேல் பக்கம் விரிஞ்சிருக்குன்னு சொல்லலாம். உங்களுக்கு அப்படி இல்லை, அதனால வெளி லைன்தான். ஒழுகலைன்னு விட்டுடாதீங்க. இது உறிஞ்சுற பக்கம். ஊசிமுனை ஓட்டை டீசலை வெளியே விடாது, காத்தைத்தான் உள்ளே இழுக்கும்.

மீன் பெட்டி ஐஸ் தண்ணி உப்போட சேசிஸ்ல இறங்கும். இரும்புக் குழாயைப் பிடிச்சிருக்கிற கிளாம்புக்கு அடியில அது தேங்கி நிக்கும். வெளியில பெயின்ட் நல்லா இருக்கும், கிளாம்பைக் கழட்டினா அடியில அரிச்சிருக்கும். ஒவ்வொரு கிளாம்பையும் கழட்டி, கம்பி பிரஷ் போட்டுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியலைன்னா குழாயை ரெண்டு பக்கமும் கழட்டி, ஒரு முனையை அடைச்சு, மறுமுனையில சைக்கிள் பம்பால காத்து அடிச்சு சோப்புத் தண்ணி தடவுங்க. கம்ப்ரஸர் காத்து வேண்டாம், ரப்பர் ஹோஸ் பிடுங்கிட்டு வந்துடும்.

ஓட்டையை எம்சீல் வச்சு அடைக்காதீங்க. நடுக்கத்துல விட்டுடும். பழைய அளவுலயே புதுக் குழாய் முழு நீளத்துக்கு மாத்துங்க. கிளாம்ப் வர்ற இடத்துல ரப்பர் சுத்திப் பிடிங்க. ரெண்டு முனையிலயும் டீசலுக்குன்னு வர்ற ரப்பர் ஹோஸ், ஸ்குரூ கிளிப். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஹோஸ் டெஸ்டுக்கு மட்டும், இன்ஜின் சூட்டுல அது விறைச்சு மறுபடியும் காத்து பிடிக்கும். கழட்டின யூனியன் போல்ட்டுக்கெல்லாம் புது செம்பு வாஷர், ரெண்டு பக்கமும்.

ஏர் எடுத்து ஸ்டார்ட் ஆனதும், ஏத்தி வச்ச ஒன்றரைச் சுற்றை மறக்காம இறக்குங்க. இன்ஜின் சூடானதுக்கு அப்புறம் இறக்கி, செக் நட்டை டைட் பண்ணுங்க. இறக்கலைன்னா ஏர் போனதும் ஸ்லோ ரொம்ப மேல நிக்கும், கியர் போடும்போது கரகரன்னு உரசும்.