நைட்ரிக் ஆக்சைடு மாவு இருந்தால் நெஞ்சுவலி மாத்திரை தேவையில்லையா?

கேள்வி: தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்

வணக்கம். 67 வயதான என் அப்பா, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். இனிப்புநீர் நோய் உண்டு, சிகரெட்டையும் விட்டபாடில்லை. மேடு ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்றதால், அரசாங்க மருத்துவமனையில் சோதித்து, இதயத் தமனியில் அடைப்பு இருப்பதாகக் கூறி, வலி வரும்போது நாக்குக்கு அடியில் வைக்கக் கிளிசரில் டிரைநைட்ரேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது பாசாரில் நேரடி விற்பனை செய்யும் ஒருவர், மாத்திரை தருவதும் நைட்ரிக் ஆக்சைடுதான், தம்முடைய எல்-ஆர்ஜினைன் மாவு தருவதும் அதுதான், ஆகவே மாவைக் கரைத்துக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார். டின்னில் நோபல் பரிசு வாங்கிய கண்டுபிடிப்பு என்று வேறு அச்சிட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு மனம் பாதி மாறிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளர், ஈப்போ

அம்மா, நோபல் பரிசு மெய்தான், மாவுக்குக் கொடுத்ததில்லை. 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் செலுத்திப் பார்த்தபோது, உட்சுவர்ச் செல்கள் முழுதாக இருந்த துண்டுகள் தளர்ந்தன. அவை உரசிப் போயிருந்த துண்டுகள் தளரவில்லை. உட்சுவரிலிருந்து வெளிப்பட்டுத் தமனியைத் தளர்த்திய அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் உறுதியாகி, 1998இல் அவருக்கும் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கும் பரிசு கிடைத்தது.

உங்கள் கேள்விக்கான விடை அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் செய்வது தமனியின் உட்சுவர். அந்த வாயு தசையைத் தளர்த்துவதோடு, இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் வெள்ளணுக்கள் சுவரில் பற்றுவதையும் தடுக்கிறது. புகையும் இனிப்புநீரும் கெட்ட கொழுப்பும் உட்சுவரைக் கெடுப்பதால், உண்டாகும் வாயு குறைகிறது. உண்டானதையும் சூப்பராக்சைடு என்னும் மூலக்கூறு அழித்துவிடுகிறது. ஆக, பெரும்பாலோருக்குக் குறை மூலப்பொருளில் இல்லை. ஆலை பழுதாகி நிற்கும்போது ரப்பர் பாலைக் கூடுதலாக ஏற்றி அனுப்பி என்ன பயன்?

மாத்திரையோ இந்த உட்சுவரை நம்பியிராமல், தமனித் தசைக்குள்ளேயே சிதைந்து வேலை செய்கிறது. மாவை நல்லதென்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாரடைப்பு வந்த 153 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஆர்ஜினைன் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அதனால் ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள்.

தோட்டத்து மகள்

மிக்க நன்றி ஐயா. மாத்திரையை வைத்தால் மண்டை பிளக்கிறது என்றுதான் அப்பா அதைத் தவிர்க்கிறார். அது ஆபத்தா?

பதில்: பழைய தோட்ட டிரசர், பகாவ்

தங்கச்சி, தலையிலுள்ள நாளங்களும் சேர்ந்து விரிவதால் வரும் வலி அது. பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கும். இந்த மாத்திரையில் உள்ள மருந்துக்கு நைட்ரோகிளிசரின் என்றும் பெயர்; டைனமைட் ஆலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளர்களுக்கும், ஞாயிறு ஓய்வு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலைவலி பிடித்துக்கொள்ளுமாம். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால், அப்பா உட்கார்ந்துகொண்டுதான் மாத்திரையை வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் 999ஐ அழையுங்கள். மாத்திரைகள் வந்த கண்ணாடிக் குப்பியிலேயே இருக்கட்டும்; பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும்.

கேட்கச் சங்கடமானாலும் ஒன்றை விசாரித்துவிடுங்கள். ஆண்மை மாத்திரைகளும் இதே நைட்ரிக் ஆக்சைடின் வழியில் வேலை செய்வதால், சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள்ளும் டாடலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் நாக்கடி மாத்திரையை வைத்தால், இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். நம் மலேசியாவில், ஆண்மைக்கு என்று விற்கும் தொங்காட் அலி மூலிகைக் காப்பிப் பொட்டலங்கள் சிலவற்றில் இம்மருந்துகள் ரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வீட்டில் அப்படி ஏதும் இருந்தால், மாவு டின்னோடு சேர்த்து அடுத்த தவணையில் மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.