கடைசி இடம், கையில் கோப்பை: லூட்டனின் 2008-09 சீசனை என்னவென்று சொல்வது?

ஆஃப்சைடு அருள்:

இங்கிலாந்தின் கீழ் டிவிஷன்களின் பழைய புள்ளி அட்டவணைகளைக் கிளறிக்கொண்டே இருப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். நேற்று 2008-09 லீக் டூ அட்டவணையைப் பார்த்தேன், அதாவது நான்காவது மட்டம், ஃபுட்பால் லீக்கின் கடைசி டிவிஷன். அதில் லூட்டன் டவுன் என்ற கிளப்பின் வரிசையில் கணக்கு உதைக்கிறது. 46 ஆட்டம், 13 வெற்றி, 17 டிரா, 16 தோல்வி. வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்று போட்டால் 56 வரணும், போட்டிருப்பது 26. இடம் 24, கடைசி, லீக்கை விட்டே வெளியே.

புள்ளியை வெட்டியிருக்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் 30 புள்ளியா? என்ன செய்தால் ஒரு கிளப்புக்கு 30 வெட்டுவார்கள்? இன்னொரு குழப்பம், அதே 2009இல் ஃபுட்பால் லீக் டிராஃபி வென்றதும் இவர்கள்தான். கடைசி இடத்து அணி லண்டனின் வெம்ப்லி தேசிய மைதானத்தில் போய் எப்படிக் கோப்பை தூக்கியது? அந்தக் கிளப்பின் ரசிகராக இருந்தால் அதை நல்ல சீசன் என்பீர்களா, கெட்டது என்பீர்களா? "அய்யோ பாவம்" எல்லாம் வேண்டாம், ஆட்டத்தை வைத்துச் சொல்லுங்கள்.

கார்னர் கொடி:

அருள், அது ஒரே வெட்டு இல்லை, இரண்டு வெட்டு. முதல் 10 எஃப்.ஏ., அதாவது இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், வெட்டியது. முந்தைய நிர்வாகத்தின் காலத்தில் வீரர்களின் ஏஜென்ட்டுகளுக்குப் பணம் கொடுத்த விதம் விதிப்படி இல்லை, அதற்கு. அடுத்த 20 ஃபுட்பால் லீக் வெட்டியது. கடனில் மூழ்கி அட்மினிஸ்ட்ரேஷனுக்கு, அதாவது வெளி நிர்வாகியின் கைக்குப் போன கிளப், கடன் கொடுத்தவர்களோடு முறைப்படி ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் அதிலிருந்து வெளியே வர வேண்டும் என்பது அப்போதைய லீக் விதி. லூட்டனுக்கு அந்த ஒப்பந்தம் அமையவில்லை. அதோடு 1999, 2003, 2007 என்று பத்து வருடத்துக்குள் மூன்று முறை அட்மினிஸ்ட்ரேஷன். லீக்குக்குப் பொறுமை போய்விட்டது.

அந்தக் காலத்தில் இந்த ஒப்பந்தங்கள் அடிக்கடி முறிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிளப் நொடித்துப் போனால் மற்ற கிளப்புகளுக்கும் வீரர்களுக்கும் தர வேண்டிய பாக்கியை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும், வரித்துறையும் உள்ளூர் வியாபாரியும் கிடைத்த மிச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வரித்துறை இதை எப்படிச் சும்மா விடும்? ஒப்பந்தத்துக்கு எதிராக வாக்களிக்க ஆரம்பித்தார்கள். லீட்ஸுக்கு 2007இல் 15 வெட்டு விழுந்ததன் பின்னணியில் இந்தச் சண்டைதான் இருந்தது. 2008-09 லீக் டூவிலேயே ரோதர்ஹாம், போர்ன்மவுத் இரண்டும் மைனஸ் 17இல் ஆரம்பித்தன.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், ஏஜென்ட் பணத்தில் விளையாடியவர்கள் போன பிறகு தண்டனை வந்தது. அந்தக் கிளப்பை ரசிகர்களும் சில உள்ளூர்ப் பணக்காரர்களும் சேர்ந்து அப்போதுதான் காப்பாற்றி எடுத்திருந்தார்கள். வீடு வாங்கியவனிடம் பழைய ஆள் வைத்துப்போன கரண்ட் பில்லை நீட்டுவது மாதிரி.

நாலாம் மட்டம்:

அநியாயம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அட்டவணையை வைத்தே பேசலாம், அருள் கேட்டதும் அதுதான்.

அந்த சீசனில் கடைசியாகத் தப்பிய அணி கிரிம்ஸ்பி, 22ஆம் இடம், 41 புள்ளி. லூட்டனின் கோல் வித்தியாசம் கிரிம்ஸ்பியைவிட நன்றாக இருந்ததால் 41 எடுத்தாலே போதும். மைனஸ் 30இலிருந்து 41 வர மைதானத்தில் 71 புள்ளி சேர்க்கணும். அந்த வருடம் ஆறாம் இடத்தில் முடித்து பிளே-ஆஃபுக்கு, அதாவது மேல் டிவிஷனுக்கு ஏறும் கடைசி இடத்துக்கான ஆட்டங்களுக்குப் போன ரோச்டேல் எடுத்தது 70. அதாவது மேலே ஏறப் போராடும் அணியாக ஆடினால்தான் லூட்டன் கீழே விழாமல் இருக்க முடியும். சாம்பியன் பிரென்ட்ஃபோர்ட் எடுத்ததே 85தான், அதில் 30ஐக் கழித்தால் 55, நடு அட்டவணையில் தூங்கும் அணியின் கணக்கு.

ஆனால் "யாராலும் முடியாது" என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். ரோதர்ஹாமைப் பாருங்கள். மைனஸ் 17இல் ஆரம்பித்து 58இல் முடித்தார்கள், மைதானத்தில் சேர்த்தது 75. அதுவும் சொந்த மைதானம் இல்லாமல், ஷெஃபீல்டில் ஓடுகளம் சுற்றிய ஒரு தடகள அரங்கத்தில், ரசிகர்கள் எங்கோ தொலைவில் உட்கார்ந்திருக்க ஆடி எடுத்த 75. அதே ஆட்டத்தை லூட்டன் ஆடியிருந்தால் 45, தப்பியிருக்கலாம். லூட்டனின் வெட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தாலும் 56, பதினைந்தாம் இடம். சாதாரண அணி. இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனால் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது.

இதில் முக்கியமானது அந்த 17 டிரா. எல்லாருக்கும் ஒரு டிரா என்றால் பரவாயில்லை, ஒரு புள்ளி. மைனஸில் இருப்பவனுக்கு டிரா கிட்டத்தட்ட தோல்விதான், மேலே இருப்பவன் நகர்ந்துகொண்டே இருப்பான். அந்த 17இல் எட்டு ஆட்டத்தை வென்றிருந்தால் 16 புள்ளி கூடியிருக்கும், 42இல் முடித்து லீக்கிலேயே இருந்திருப்பார்கள்.

மழைநாள் கீப்பர்:

நாலாம் மட்டம் அண்ணே, கணக்கு சரி, ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ரோதர்ஹாமுக்கு 17, இவர்களுக்கு 30. மைனஸ் 17இல் ஒரு நல்ல மாதம் போனால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம், வீரர்களுக்கு நம்பிக்கை பிறக்கும். மைனஸ் 30இல் பத்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால்தான் பூஜ்யம். ஒரு வீரர் அதைத் தெரிந்துகொண்டே ஆகஸ்ட்டில் காலணியைக் கட்டணும். அதோடு லூட்டன் அப்போதுதான் இரண்டு வருடம் தொடர்ந்து டிவிஷன் இறங்கி வந்த அணி, 2007இல் சாம்பியன்ஷிப்பிலிருந்து (இரண்டாம் மட்டம்), 2008இல் லீக் ஒன்னிலிருந்து (மூன்றாம் மட்டம்), அந்த இரண்டாவது வருடத்திலும் 10 வெட்டு இருந்தது. அதற்கு நடுவில் 56 எடுத்ததை "சாதாரணம்" என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

சரி, கோப்பைக்கு வருகிறேன், யாரும் அதைத் தொடவே இல்லையே.

ஃபுட்பால் லீக் டிராஃபி என்பது அப்போது லீக் ஒன், லீக் டூ அணிகளுக்கு மட்டும். வடக்கு தெற்கு என்று பிரித்து நாக்-அவுட், இரண்டு பக்க வெற்றியாளர்களும் வெம்ப்லியில் மோதுவார்கள். ஆரம்பச் சுற்றுகளுக்குப் பாதி அணிகள் மாற்று வீரர்களை இறக்கிவிட்டுப் போய்விடும். லூட்டனுக்கு இழக்க ஒன்றுமில்லை என்பதால் அங்கே நன்றாக ஆடினார்கள் என்று நினைக்கிறேன். தெற்கு இறுதியில் பிரைட்டனைப் பெனால்டியில் தள்ளிவிட்டு உள்ளே வந்தார்கள்.

2009 ஏப்ரல் 5, எதிரணி ஸ்கன்தார்ப், ஒரு டிவிஷன் மேலே. மைதானத்தில் 55,378 பேர், அதில் 40,000க்கு மேல் லூட்டன்காரர்கள். அவர்களுடைய சொந்த மைதானம் கெனில்வொர்த் ரோடு பத்தாயிரம் பேருக்குத்தான் இடம். (அந்த மைதானத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வெளியூர் ரசிகர்களின் வாசல் வரிசை வீடுகளுக்கு அடியில் இருக்கும், நுழைந்து படியேறினால் கீழே யாரோ ஒருவரின் பின்பக்கத் தோட்டம் தெரியும்.)

முதல் கோல் ஸ்கன்தார்பின் கேரி ஹூப்பர், 14ஆவது நிமிடம். 32இல் கிறிஸ் மார்ட்டின் சமன் செய்தார், 70இல் டாம் கிராடக் முன்னிலை கொடுத்தார். அந்த நிலையில் அப்படியே பிடித்துக்கொண்டு போயிருக்கலாம், 88இல் கிரான்ட் மெக்கான் அடித்து 2-2. லீக்கில் மாதக்கணக்காக நடந்த அதே கதை, கையில் இருந்தது கடைசியில் நழுவுவது. ஆனால் அன்றைக்குக் கூடுதல் நேரம் இருந்தது. ஐந்தாவது நிமிடத்தில் கிளாட் நாக்பா என்ற பிரெஞ்சுக்காரர் பந்தோடு தனியாக உள்ளே ஓடி, வெளியே வந்த கீப்பரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். 3-2. பயிற்சியாளர் மிக் ஹார்ஃபோர்ட், 1988 லீக் கோப்பை இறுதியில் ஆர்சனலை வென்ற லூட்டன் அணியில் ஆடிய அதே ஆள், அந்த ஆட்டமும் வெம்ப்லியில் 3-2தான்.

பரிசளிப்பில் லீக் தலைவர் லார்ட் மாவ்ஹினி வந்ததும் லூட்டன் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல். புள்ளியை வெட்டிய கையே கோப்பையை நீட்டுகிறது, வேறென்ன செய்வார்கள்?

எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 13, ஈஸ்டர் திங்கள், சொந்த மைதானத்தில் செஸ்டர்ஃபீல்டோடு 0-0. அதோடு கணக்குப்படி வெளியே. சொல்ல எதுவும் இல்லாத ஆட்டம்.

ஆஃப்சைடு அருள்:

மழைநாள், எட்டு நாளா! இது தெரியாமல் அட்டவணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம், அடுத்த வருடம் நடப்பு சாம்பியனாக டிராஃபியில் ஆடினார்களா?

கார்னர் கொடி:

ஆடவில்லை. லீக்கில் இல்லாத அணிக்கு அப்போது அந்தப் போட்டியில் இடம் கிடையாது. கோப்பையைக் காக்க இறங்கவே முடியாமல் போன சாம்பியன்கள். 2010இல் சவுத்தாம்ப்டன் வென்றது, அவர்களும் அப்போது மைனஸ் 10இல் லீக் ஒன் ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான், என்ன ராசியோ.

ஸ்கன்தார்ப் பக்கத்தையும் யாராவது சொல்லணும். வெம்ப்லியில் லூட்டனிடம் தோற்ற அதே அணி மே மாதம் அதே வெம்ப்லிக்குத் திரும்ப வந்து, லீக் ஒன் பிளே-ஆஃப் இறுதியில் மில்வாலை 3-2 என்று வென்று சாம்பியன்ஷிப் போனது. தோற்றவன் மேலே, வென்றவன் லீக்குக்கு வெளியே. கீழ் டிவிஷன் கால்பந்தை ஏன் பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு ஸ்கோரைத்தான் சொல்வது வழக்கம்.

பெஞ்ச் பையன்:

நான் தாமதமாக வருகிறேன், ஆனால் அருள் முதல் பதிவில் கடைசியாகக் கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நல்ல சீசனா, கெட்ட சீசனா?

எனக்கு அது கெட்ட சீசன்தான். வெம்ப்லி ஒரு நாள். லீக்குக்குக் கீழே ஐந்தாம் மட்டமான கான்ஃபரன்ஸ் என்பது ஐந்து வருடம். ஐந்து வருடமும் சும்மா போகவில்லை, 2010இல் பிளே-ஆஃபில் யார்க்கிடம் போச்சு, 2011 இறுதியில் ஏ.எஃப்.சி. விம்பிள்டனிடம் பெனால்டியில் போச்சு, 2012 இறுதியில் திரும்பவும் யார்க்கிடம். ஒவ்வொரு தோல்வியும் அந்த 30 புள்ளியின் வட்டி. நடுவில் 2013 ஜனவரியில் பிரீமியர் லீக் அணியான நார்விச்சை அவர்கள் மைதானத்திலேயே எஃப்.ஏ. கோப்பையில் 1-0 என்று வென்றது மட்டும் ஆறுதல். 2014இல்தான் பயிற்சியாளர் ஜான் ஸ்டிலின் அணி 101 புள்ளி எடுத்து லீக்குக்குத் திரும்பியது.

பலர் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், விழுந்ததால்தான் 2023இல் பிரீமியர் லீக் வரை எழுந்தார்கள் என்று. எனக்கு அது பிடிக்காது. கடன் வாங்காமல் நடத்திய புது உரிமையாளர்களால் எழுந்தார்கள், விழுந்ததால் இல்லை. அதே மைனஸில் விழுந்து எழாமலே போன கிளப்புகள் இல்லையா?

நாலாம் மட்டம்:

பெஞ்ச் பையன் சொன்னதில் பாதி சரி. போர்ன்மவுத்தையும் பக்கத்தில் வையுங்கள். அதே சீசன், மைனஸ் 17, நடுவில் எடி ஹவ் என்ற 31 வயது ஆள் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார், ஏப்ரல் கடைசியில் கிரிம்ஸ்பிக்கு எதிராக ஸ்டீவ் ஃபிளெட்சர் 80ஆவது நிமிடத்தில் அடித்த கோலில் 2-1 வென்று தப்பித்தார்கள். 46 புள்ளி, 21ஆம் இடம். 2015இல் பிரீமியர் லீக். அவர்களுக்கு வெம்ப்லியும் இல்லை, கோப்பையும் இல்லை, தங்கியதோடு சரி. லூட்டன் அங்கே போய்ச் சேர இன்னும் எட்டு வருடம் பிடித்தது.

மழைநாள் கீப்பர்:

அண்ணே, அந்த 40,000 பேரில் ஒருவரைப் பிடித்து "ஏப்ரல் 5ஐக் கொடுத்துவிட்டு 21ஆம் இடம் வாங்கிக்கொள்கிறாயா" என்று கேளுங்கள். மூளை சரி என்று சொல்லும், ஆனால் பாதிப் பேராவது பதில் சொல்லாமல் நாக்பா கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், பந்தயம்.

பெஞ்ச் பையன்:

பந்தயம் வேண்டாம், தோற்றுவிடுவேன். ஆனால் கெட்ட சீசன் என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.